ஃபைன்: நல்லதா, மெல்லியதா, அபராதமா? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒப்பந்தப் பத்திரம் ஒன்றின் தமிழாக்கத்தைச் சரிபார்க்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. 'கையெழுத்திடும் முன் நேர்த்தியான அச்சைப் படிக்கவும்' என்று அதில் ஒரு வரி. இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை. ஆங்கில மூலத்தைப் புரட்டினால், 'ஃபைன் பிரிண்ட்' என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்பதுதான் சங்கதி. மொழிபெயர்த்தவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஃபைன் என்றால் 'நன்று' என்று சின்ன வயதில் படித்ததை நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்காகப் பத்திரம் முழுவதையும் மறுபடி அலசினேன். 'ஃபைன்' இன்னும் மூன்று இடத்தில் வந்திருந்தது. ஒன்று அபராதம், ஒன்று தூளின் அளவு, ஒன்று 'ஆட்சேபம் இல்லை' என்ற பொருள். நான்கு இடம், நான்கு பொருள். அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் ஒரு நொடி நின்றுதான் நகர்வேன். அப்படி நின்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட வழிமுறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். மொழிபெயர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கும், ஆங்கிலம் பேசுபவர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கும் இது உதவும்.

வேரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அகராதியைத் திறந்தால் இந்தச் சொல்லுக்கு எக்கச்சக்கமான பொருள்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாமே ஒரு லத்தீன் சொல்லில் போய் முடிகின்றன: ஃபீனிஸ். முடிவு, எல்லை என்று அதற்குப் பொருள். ஃபைனல், ஃபினிஷ், இன்ஃபினிட், டிஃபைன், கன்ஃபைன், ரிஃபைன் எல்லாம் அதே குடும்பம். ஃபைனான்ஸ் கூடத்தான். கணக்கை முடிப்பது, பணத்தைக் கட்டித் தீர்ப்பது என்ற பழைய பிரெஞ்சு வினையிலிருந்து அது வந்தது.

ஆக, ஃபைன் என்றால் அடிப்படையில் 'கடைசி எல்லைவரை கொண்டுபோனது'. இனி மெருகேற்ற எதுவும் பாக்கியில்லாத வேலை ஃபைன். இதற்கு மேல் கலப்பு நீக்க முடியாத பொன் ஃபைன். இனி மெலிய முடியாது என்னும் அளவுக்கு இழுத்த நூல் ஃபைன். வழக்கு முடிய வேண்டுமென்று கட்டும் பணமும் ஃபைன். 'எனக்கு இனி எதுவும் வேண்டாம்' என்ற நிலையும் ஃபைன்.

இது நமக்கு அந்நியமான போக்கு அல்ல. தமிழில் 'தீர்' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ந்தது என்றால் முடிந்தது. அதிலிருந்து தீர்வு வந்தது, தீர்ப்பு வந்தது, வரியைக் குறிக்கும் தீர்வையும் வந்தது. லத்தீனில் முடிவைக் குறித்த சொல் அபராதத்துக்கும் நிதிக்கும் எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், 'தீர்வை' என்ற சொல்லைக் காட்டினால் போதும்.

முதல் படி: பெயரா, வினையா, அடையா?

வாக்கியத்தில் ஃபைன் ஒரு பொருளின் பெயராக நிற்கிறதா? 'பே எ ஃபைன்', 'எ ஹெவி ஃபைன்' என்று வந்தால் அபராதம். வினையாக வந்தாலும் பெரும்பாலும் அதேதான்: அபராதம் விதித்தார்கள்.

காதால் கேட்கும்போது ஒரு சிக்கல் உண்டு. அபராதம் விதித்தலின் இறந்தகால வடிவமும், 'கண்டுபிடி' என்ற பொருளில் வரும் 'ஃபைண்ட்'டும் ஆங்கில உச்சரிப்பில் ஒன்றேதான். 'ஹி வாஸ்' என்பதற்குப் பின் அந்த ஒலி கேட்டால் அபராதம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். கண்டுபிடிக்கப்பட்டார் என்றால் 'ஃபவுண்ட்' என்றுதான் வந்திருக்கும்.

அபராதப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தில் நிலத்தைக் கைமாற்ற ஒரு வழி இருந்தது. இரு தரப்பும் நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தொடுத்து, உடனே சமாதானமாகி, அந்த உடன்பாட்டைப் பதிவு செய்துகொள்வார்கள். வழக்கை முடிக்கும் அந்த உடன்பாட்டின் பெயர்தான் ஃபைன். ஒரே தோல் தாளில் அதே வாசகத்தை மூன்று முறை எழுதுவார்கள்: மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, அடியில் குறுக்காக ஒன்று. பிறகு நெளிநெளியாக வெட்டுவார்கள். மேல் துண்டுகள் இரண்டும் ஆளுக்கு ஒன்று, அடித்துண்டு நீதிமன்றத்துக்கு. பின்னாளில் யாராவது போலிப் பத்திரம் கொண்டுவந்தால் நெளிவு பொருந்தாது. அடியில் இருந்த துண்டு என்பதால் அதற்கு 'ஃபைனின் பாதம்' என்றே பெயர். 1195 முதல் இந்தப் பாதங்களைச் சேர்த்துவைத்தார்கள். 1833இல் வந்த சட்டம்தான் இந்த முறையை ஒழித்தது. 'விவகாரத்தை முடிக்கும் உடன்பாடு' என்பது 'முடிக்கக் கட்டும் பணம்' ஆகி, அப்புறம் 'தண்டமாகக் கட்டும் பணம்' ஆயிற்று.

நாம் பேச்சில் 'ஃபைன் போட்டுட்டாங்க', 'ஃபைன் கட்டணும்' என்று சொல்வது இந்தப் பொருளில்தான். எழுத்தில் அபராதம், தண்டத்தொகை இரண்டும் சரி. அபராதம் என்ற சொல்லே முதலில் குற்றத்தைக் குறித்து, பிறகு குற்றத்துக்கான பணத்தைக் குறிக்க வந்ததுதான்.

பன்மையில் 'ஃபைன்ஸ்' என்று வந்தால் ஒரு நொடி நில்லுங்கள். சுரங்கத் தொழிலிலும் கல் உடைக்கும் இடத்திலும் அதற்குத் தூள் என்று பொருள். 'அயர்ன் ஓர் ஃபைன்ஸ்' என்றால் இரும்புத்தாதுத் தூள். அதை இரும்புத்தாது அபராதம் என்று எழுதிவிட்டால் படிப்பவர் நிலைகுலைந்து போவார்.

இரண்டாம் படி: எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

அபராதம் இல்லை, அடைமொழிதான் என்று முடிவாகிவிட்டதா? இனி ஒரே கேள்வி: 'இந்த இடத்தில் ஃபைன் இல்லை என்றால் என்னவாக இருக்கும்?' இந்த வழிகாட்டியிலேயே உருப்படியான படி இதுதான் என்று நினைக்கிறேன். ஃபைன் இல்லாத தூள் கரடுமுரடானது. ஃபைன் இல்லாத நூல் தடித்தது. ஃபைன் இல்லாத பொன் கலப்புள்ளது. ஃபைன் இல்லாத வானிலை மழையும் மேகமும். ஃபைன் இல்லாத ஆள் நோயாளி. ஃபைன் இல்லாத ஏற்பாடு ஒத்துவராதது. எதிர்ச்சொல் கிடைத்துவிட்டால் பொருள் தானாக விழும்.

நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது கையாலேயே தெரியும். பக்கவாட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். பெரியது 'கோர்ஸ்', அதாவது பரும்படியானது; சிறியது 'ஃபைன்'. பெரியதைக் கொஞ்சம் திருகினாலே மேடை கண்ணுக்குத் தெரிய ஏறி இறங்கும். மங்கலாக ஏதோ ஒரு உருவம் வந்து மறையும். அங்கே நிறுத்தி, சின்னத் திருகை விரல் நுனியால் நகர்த்தினால் மேடை அசைவதே தெரியாது. ஆனால் மங்கல் விலகி, செல்லின் விளிம்பு கோடு கிழித்தது போல வந்து நிற்கும். அதிக உருப்பெருக்கமுள்ள வில்லையில் பெரிய திருகைத் தொடாதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். தொட்டால் வில்லை போய்க் கண்ணாடித் தகட்டில் இடித்துவிடும். 'ஃபைன் டியூனிங்' என்ற தொடரின் முழுப் பொருளும் அந்தச் சின்னத் திருகில் இருக்கிறது. கணினி மொழிமாதிரிகளுக்கும் இன்று அதே தொடரைச் சொல்கிறார்கள். பெரிய பயிற்சி முடிந்த பிறகு, குறிப்பிட்ட வேலைக்காகச் செய்யும் சிறு திருத்தப் பயிற்சி அது.

இந்த 'நுண்மை'ப் பொருளுக்கு நிலையான அளவு கிடையாது. கான்கிரீட் வேலையில் ஃபைன் அக்ரிகேட் என்றால் 4.75 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கீழே விழும் மணல். காற்று மாசு பற்றிப் பேசும்போது ஃபைன் பார்ட்டிக்கிள் என்றால் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும், அதாவது பிஎம் 2.5. மனித முடியின் குறுக்களவில் அது ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். ஒன்றைக் கையில் அள்ளலாம், மற்றதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே 1900 மடங்கு வித்தியாசம். ஆனாலும் இரண்டும் ஃபைன். காரணம், அந்தந்தத் துறையில் அதற்கு எதிரே ஒரு 'கோர்ஸ்' நிற்கிறது: ஒரு பக்கம் ஜல்லி, இன்னொரு பக்கம் 2.5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள தூசி. துறை மாறினால் அளவும் மாறும் என்பதை மறக்காதீர்கள்.

தமிழில் இதற்கு எந்தச் சொல்? இங்கேதான் நம் மொழி பணக்கார மொழி. நூலுக்கும் குரலுக்கும் சன்னம். தூளுக்கு 'மாவு போல'. துகளுக்கு நுண். எழுத்துக்குப் பொடி. முடிக்கு மெல்லிய. வித்தியாசத்துக்கு நூலிழை. எல்லா இடத்திலும் 'நுண்ணிய' என்று போட்டு நிரப்புவது எளிது, ஆனால் அது சோம்பல் என்பது என் கருத்து. 'நுண்ணிய மழை' என்று யாரும் சொல்வதில்லை. சன்னத் தூறல் என்றால் உடனே முகத்தில் படுகிறது.

சமையலறையில் நமக்கு இன்னொரு சொல் உண்டு: நைஸ். 'நைஸா அரைச்சு எடு' என்கிறோம். இதை அப்படியே ஆங்கிலத்தில் 'நைஸ் பவுடர்' என்று சொன்னால், கேட்பவர் 'நல்ல பவுடர்' என்றுதான் எடுத்துக்கொள்வார். அங்கே சொல்ல வேண்டியது ஃபைன் பவுடர். 'நைஸா நழுவிட்டான்', 'நைஸா பேசிக் காரியம் சாதிச்சுட்டான்' என்பவையும் தமிழின் சொந்தச் சொத்து. ஆங்கில நைஸுக்குள் இவற்றைத் திணிக்க முடியாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் ஊர் சுற்றி வந்ததுதான். அறியாதவன் என்ற லத்தீன் சொல்லில் தொடங்கி, அசடு, அளவுக்கு மீறிய கறார், நுட்பம் என்று பல வேடம் போட்ட பிறகே இனிமை என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது.

மருத்துவ அறிக்கைகளில் 'ஃபைன் நீடில்' என்று பார்த்தால் மெல்லிய ஊசி. குழந்தை வளர்ச்சி பற்றிய குறிப்பில் 'ஃபைன் மோட்டார் ஸ்கில்ஸ்' என்றால் விரல்களின் நுட்ப அசைவு. பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது எல்லாம் அதில் சேரும். அங்கே எதிர்ச்சொல் 'கிராஸ்', அதாவது ஓடுவது, குதிப்பது போன்ற பெரிய தசைகளின் வேலை.

மூன்றாம் படி: பெயருக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா?

அளவுப் பொருளும் இல்லை, தரம் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றால் சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

'எ ஃபைன் ரிப்போர்ட்' என்றால் அருமையான அறிக்கை. 'தி ரிப்போர்ட் இஸ் ஃபைன்' என்றால் 'பரவாயில்லை, போதும்'. சொல் ஒன்றுதான், இடம் மாறியதும் மதிப்பெண் மாறிவிட்டது. பெயருக்கு முன்னால் நின்றால் உயர்ந்த பாராட்டு: எ ஃபைன் சிங்கர், எ ஃபைன் மைண்ட். பின்னால் நின்றால் பெரும்பாலும் 'குறை சொல்ல ஒன்றுமில்லை' என்ற அளவு மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு நாள் கண்விழித்து ஓர் அறிக்கை தயாரித்து அனுப்பினேன். 'இட்ஸ் ஃபைன்' என்று பதில் வந்தது. மனம் நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் கூட வேலை பார்த்தவருக்கு 'எ ஃபைன் பீஸ் ஆஃப் வொர்க்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே பாராட்டு கிடைத்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது 'சரி' மட்டும், அவருக்கு வந்தது 'சபாஷ்'. இதை யாராவது அன்றே சொல்லியிருந்தால் அடுத்த அறிக்கையை இன்னும் கூர்மையாக்கியிருப்பேன்.

ஆகவே நீங்கள் ஒருவரைப் பாராட்ட நினைத்தால் 'யுவர் வொர்க் இஸ் ஃபைன்' என்று எழுதாதீர்கள். மனம் வாடிவிடும். எக்ஸலண்ட், கிரேட் என்று ஏதாவது போடுங்கள்.

விதிவிலக்கு உண்டு. பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் 'எவரிதிங் இஸ் ஃபைன்' என்றால் அது குறைந்த மதிப்பெண் அல்ல. பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்காக வெளியே நாற்காலியில் காத்திருந்தவர்களுக்கு அதன் எடை தெரியும்.

தர வரிசைகளில் இந்தச் சொல் வந்தால் துறையைக் கேட்காமல் முடிவு செய்யவே கூடாது. நாணயம் சேகரிப்பவர்கள் பயன்படுத்தும் 70 புள்ளி அளவுகோல், 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்ததை ஒட்டி வந்தது. அதில் ஃபைன் என்பது 12, 15 என்ற இடத்தில்தான் இருக்கிறது. கைபட்டுக் கைபட்டு நன்றாகத் தேய்ந்த நாணயம் அது. அதற்கு மேலே வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று இன்னும் படிகள் உண்டு. பழைய புத்தக வியாபாரத்திலோ ஃபைன் என்றால் ஏறக்குறைய புதுப் புத்தகம். வெரி குட் அதற்குக் கீழே. நாணயக்காரரின் ஃபைனை நம்பிப் புத்தகக்காரரிடம் போனாலும், அங்கிருந்து இங்கு வந்தாலும் கணக்கு தவறும்.

நான்காம் படி: உலோகமா? அப்படியானால் தூய்மை

பொன், வெள்ளி பற்றிய பேச்சில் ஃபைன் அழகையும் குறிக்காது, மெலிவையும் குறிக்காது. கலப்பில்லாத அளவைக் குறிக்கும். 'ஃபைன்னஸ்' என்பதற்கு நமக்குக் கச்சிதமாக ஒரு பழஞ்சொல் இருக்கிறது: மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒரு மனிதரை நாம் புகழும்போது, ஆங்கிலக்காரர் சொல்லும் ஃபைன்னஸைத்தான் சொல்கிறோம்.

ஆயிரத்தில் எத்தனை பங்கு தூய உலோகம் என்பதே எண். 24 கேரட்டில் 22 பங்கு பொன் என்றால் ஆயிரத்துக்கு 916 சொச்சம். 916 என்ற முத்திரை அங்கிருந்து வருகிறது. ஸ்டெர்லிங் வெள்ளி 925. முதலீட்டுக்கான பொற்கட்டிகளில் 999.9 என்று இருக்கும்.

'ஃபைன் அவுன்ஸ்' என்ற தொடரில் பலர் தடுக்கிவிழுவார்கள். தென்னாப்பிரிக்கா 1967 முதல் வெளியிடும் க்ரூகராண்ட் பொற்காசைத் தராசில் வைத்தால் 33.93 கிராம் காட்டும். ஆனால் அது ஒரு ஃபைன் அவுன்ஸ் காசு. பொன்னை நிறுக்கும் டிராய் அவுன்ஸ் என்பது 31.1035 கிராம்; காசில் அவ்வளவு தூய பொன் இருக்கிறது. மிச்சம் இரண்டே முக்கால் கிராம் சொச்சம் செம்பு, காசு சீக்கிரம் தேயாமல் இருப்பதற்காகச் சேர்த்தது. ஃபைன் என்ற ஒரு சொல் 'செம்பைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்' என்கிறது. மொழிபெயர்ப்பில் அதை விட்டுவிட்டால் எடைக் கணக்கே தப்பு.

ஐந்தாம் படி: பேச்சில் வந்தால் குரலைக் கேளுங்கள்

'ஹவ் ஆர் யூ?' என்றதும் 'ஐ ஆம் ஃபைன்' என்பது பள்ளியில் முதலில் கற்ற வரி. தவறில்லை. 'ஐ ஆம் வெரி ஃபைன்' என்று மட்டும் சொல்லாதீர்கள், காதுக்கு ஒட்டாது. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'வெரி வெல்' என்பார்கள். வெரி ஃபைன் என்பது தூளுக்கும் நூலுக்கும் கலைப்படைப்புக்கும் பொருந்தும்.

இதே வரி மறுப்பாகவும் வரும். ஒருவர் தண்ணீர்க் கூஜாவை உங்கள் டம்ளர் பக்கம் சாய்த்துக்கொண்டே 'மோர் வாட்டர்?' என்கிறார். நீங்கள் மரியாதைக்காக 'ஐ ஆம் ஃபைன்' என்கிறீர்கள். கூஜா நிமிர்ந்துவிடும், டம்ளர் காலியாகவே இருக்கும். 'எனக்குப் போதும், வேண்டாம்' என்று சொல்லிவிட்டீர்கள். இன்னொரு முறை கேட்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேண்டுமென்றால் 'யெஸ், ப்ளீஸ்' என்பதே வழி. எதிராளி சொன்னாலும் இதே கணக்குதான்: நலம் விசாரிக்காத இடத்தில் ஐ ஆம் ஃபைன் என்று வந்தால் அது 'வேண்டாம்'.

சம்மதத்துக்கும் இதுதான். 'தட்ஸ் ஃபைன் வித் மீ', 'ஃபைன் பை மீ' என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒற்றைச் சொல்லாக, முற்றுப்புள்ளியோடு 'ஃபைன்.' என்று குறுஞ்செய்தி வந்தால் உஷார். நம் 'சரி'யை நினைத்துப் பாருங்கள். 'சரிப்பா' என்றால் உறவு நன்றாக இருக்கிறது. 'சரி சரி' என்றால் பேச்சை முடிக்கிறார். 'சரி.' என்று மொட்டையாக வந்தால் எங்கோ புகைகிறது. ஃபைனும் அப்படியே. எழுத்தில் குரல் கேட்காது என்பதால், மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ ஒற்றை ஃபைனில் பதில் போடுவதை நான் தவிர்த்துவிடுவேன். 'தட் வொர்க்ஸ் ஃபைன், தேங்க் யூ' என்று நான்கு சொல் கூட்டினால் கசப்பு போய்விடும்.

அப்புறம் குத்தல். 'எ ஃபைன் ஃப்ரெண்ட் யூ ஆர்!' என்றால் நட்பைப் புகழவில்லை. 'நல்ல ஆளுப்பா நீ!' என்று நாம் சொல்வோமே, அதுதான். 'திஸ் இஸ் எ ஃபைன் டைம் டு டெல் மீ' என்பது 'நல்ல நேரம் பார்த்துச் சொன்னே போ!' நம் 'நல்ல' என்ற சொல்லும் இதே வளைவை எடுக்கிறது என்பதால் இந்த ஒரு இடத்தில் நேருக்கு நேர் மொழிபெயர்த்தாலே போதும்.

வானிலை, கலை

வானிலையில் ஃபைன் என்றால் மழையில்லாமல் வெளுத்த வானம். ஆனால் ஃபைன் ரெயின் என்றால் தூறல். ஒன்றில் மழையே கிடையாது, மற்றதில் மழை பெய்துகொண்டிருக்கிறது. எதிர்ச்சொல் கேட்டுப் பாருங்கள், குழப்பம் தீரும்.

ஃபைன் ஆர்ட்ஸ் என்பது பிரெஞ்சில் 'அழகுக் கலைகள்' என்று இருந்ததை ஆங்கிலத்தில் சொன்ன விதம். தமிழில் நுண்கலை என்று நிலைத்துவிட்டது. கவின்கலை என்றும் ஒரு சொல் உண்டு. மூலக் கருத்துக்கு அதுவே நெருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் நுண்கலை எல்லோருக்கும் பழகிவிட்டது, அதை அசைக்க வேண்டியதில்லை.

துறைக்குள் நுழைந்த ஃபைன்

கிரிக்கெட்டில் ஃபைன் லெக் என்று கேட்டிருப்பீர்கள். மட்டையாளருக்குப் பின்னால், ஆடுகளத்தின் நீளக்கோட்டை அப்படியே நீட்டினால் வரும் கோட்டுக்கு அருகே இருக்கும் இடம் ஃபைன். எதிர்ச்சொல் ஸ்கொயர், அதாவது செங்குத்தாக விலகிய திசை. கோணம் மெலிந்தால் ஃபைன், விரிந்தால் ஸ்கொயர் என்று நினைவில் வைத்தால் போதும். 'பந்தை ரொம்ப ஃபைனாகத் தட்டிவிட்டார்' என்று வர்ணனையில் சொன்னால், அழகாகத் தட்டினார் என்று அல்ல, விக்கெட் கீப்பரை உரசாத குறையாக அனுப்பினார் என்று பொருள்.

மேற்கத்திய இசைக் குறிப்பில் இதே எழுத்துகள் வந்தால் உச்சரிப்பே வேறு: ஃபீனே. இத்தாலியச் சொல், பொருள் 'முடிவு'. 'டா காப்போ அல் ஃபீனே' என்றால் தொடக்கத்துக்குப் போய், ஃபீனே என்று எழுதிய இடம்வரை வாசி. லத்தீன் வேர் இங்கே மாறாமல் அப்படியே நிற்கிறது.

இயற்பியலில் ஃபைன் ஸ்ட்ரக்சர் என்றால் நுண்கட்டமைப்பு. அணு உமிழும் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளில், ஒற்றைக் கோடு என்று நினைத்தது, கூர்ந்து பார்த்தால் நெருங்கி நிற்கும் பல கோடுகளாக இருந்தது. இதை விளக்கும்போது 1916இல் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் கொண்டுவந்த மாறிலிதான், ஏறக்குறைய 137இல் ஒரு பங்கு என்று இன்றும் மாணவர்கள் படிப்பது.

தொடர்களைத் தொடராகவே பெயர்க்கவும்

ஃபைன் உள்ளே இருக்கும் மரபுத்தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரிக்கக் கூடாது. தமிழில் ஏற்கனவே உயிரோடு இருக்கும் தொடரைத் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

'வித் எ ஃபைன் டூத் கோம்ப்' என்றால் நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாருவது போலத் துருவுவது. நமக்குச் சல்லடை போட்டுச் சலிப்பது. 'டவுன் டு எ ஃபைன் ஆர்ட்' என்றால் கைவந்த கலை. 'எ ஃபைன் லைன்' என்றால் நூலிழை வித்தியாசம். 'கட் இட் ஃபைன்' என்றால் நேரத்தைக் கடைசி நொடிவரை இழுத்துவிடுவது. ரயில் கிளம்பும்போது பெட்டியில் கால் வைப்பவர் செய்வது அது. 'நாட் டு புட் டூ ஃபைன் எ பாயிண்ட் ஆன் இட்' என்று தொடங்கினால், 'உடைச்சுச் சொல்லணும்னா' என்று எழுதலாம். 'சான்ஸ் வுட் பி எ ஃபைன் திங்' என்பதற்கு 'அதுக்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கணும்' என்பதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குத் தோன்றவில்லை. 'ஃபைன் ஃபெதர்ஸ் மேக் ஃபைன் பேர்ட்ஸ்' என்றால் ஆள் பாதி ஆடை பாதி.

'ஒன் ஃபைன் டே' பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். நாம் ஆங்கிலம் பேசும்போது 'திடீரென்று ஒருநாள்' என்று சொல்ல வரும் இடத்திலெல்லாம் இதைப் போட்டுவிடுகிறோம், விபத்தோ மரணமோ நடந்த நாளுக்கும் கூட. கேட்பவருக்கு அது உறுத்தும். அங்கே 'ஒன் டே' போதும்.

'ஃபைன்லி' என்ற வினையடையையும் கவனியுங்கள். நறுக்குவதற்கும் அரைப்பதற்கும் சமநிலைக்கும் அது பொருந்தும்: ஃபைன்லி சாப்டு என்றால் பொடியாக நறுக்கியது. 'எப்படிப் போகிறது வேலை?' என்பதற்கு 'இட் இஸ் கோயிங் ஃபைன்' என்றே சொல்வார்கள், ஃபைன்லி வராது. 'கடைசியாக' என்ற பொருளில் வரும் 'ஃபைனலி' வேறு சொல். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதை எழுதிவிட்டால், எழுத்துப்பிழை திருத்தி அதைக் காட்டிக்கொடுக்காது.

கடைசிப் படி: செய்து பாருங்கள்

இப்போது ஒரு பலகை: 'ஃபைன் ஃபார் பார்க்கிங்'. வண்டி நிறுத்த நல்ல இடம் என்கிறதா? முதல் படிக்குப் போங்கள். பெயரா, அடையா? பலகை வைப்பவர் பெரும்பாலும் தடுக்கத்தான் வைப்பார். நிறுத்தினால் அபராதம். ஒரு தொகையும் கூட எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து, 'ஷி ஹாஸ் ஃபைன் ஹேர்'. அழகான கூந்தலா? எதிர்ச்சொல் கேளுங்கள். முடியைப் பற்றிப் பேசும்போது ஃபைனுக்கு எதிரே 'கோர்ஸ்' நிற்கும். ஆக, ஒவ்வொரு இழையும் மெல்லிசான முடி. அடர்த்தி பற்றி இங்கே பேச்சே இல்லை. முடி ஏராளமாக இருந்தும் இழை மெல்லிசாக இருக்கலாம்.

இப்போது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டித் தருகிறேன். 'இட் வாஸ் எ ஃபைன் மார்னிங், தி சேண்ட் வாஸ் ஃபைன், அண்ட் ஐ வாஸ் ஃபைன் டூ, அன்டில் தே ஹேண்டட் மீ தி ஃபைன்.' நான்கு ஃபைன். காலைக்கு எதிரே மழை நிற்கிறது. மணலுக்கு எதிரே பரல். எனக்கு எதிரே மனக்கலக்கம். கடைசியில் நிற்பது பெயர்ச்சொல். தமிழில் நான்கையும் ஒரே சொல்லால் சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை:

வானம் வெளுத்திருந்த காலை. மணல் மாவு மாதிரி இருந்தது. நானும் நன்றாகத்தான் இருந்தேன், அபராதச் சீட்டைக் கையில் கொடுக்கும்வரை.